பொட்டு வைத்த கிட்டார்

குணாளன் பரணிலிருந்து எலக்ட்ரிக் கிட்டாரை இறக்கிப் புதுக் கம்பிகள் மாட்டினான். ஆம்ப்ளிஃபயர் மேலிருந்த தண்ணீர் கேனைத் தரையில் வைத்தான்.

"திடீர்னு என்ன?" என்றாள் மனைவி.

"சும்மா, ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்குக்கு."

கிட்டாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேட்டியா? பொழுதுபோக்காம்! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இறக்கிப் பொட்டு வைப்பான். மறுநாள் விஜயதசமி, எடுத்து வாசிக்கணும்ல? நேரா பரணுக்கு ஏத்திடுவான். வாசிக்காத கிட்டாருக்கு எதுக்குய்யா பொட்டு?"

"இப்பவாவது வந்தான்ல, விடு," என்றது ஆம்ப்ளிஃபயர். "தண்ணி கேனைச் சுமந்த நானே சும்மா இருக்கேன்."

"நீ இரு. நான் விடமாட்டேன். அவன் விரலைக் கிழிக்கிறேன் பார்."

குணாளன் வாசிக்க ஆரம்பித்தான். பழைய காய்ப்பெல்லாம் போய் மெத்தென்றிருந்த விரல்நுனியைக் கம்பி வெட்டியது. ரத்தம் கசிந்தது. அவன் விரலைச் சப்பிவிட்டு, மறுபடியும் அதே கம்பியில் வைத்தான். வலியில் முகம் சுருங்கியது, விரலை எடுக்கவில்லை.

கிட்டாரிலிருந்து சுருதி சுத்தமாக ஒரு ஸ்வரம் எழுந்தது.

"என்ன, கோபம் போச்சா?" என்றது ஆம்ப்ளிஃபயர்.

"போகல," என்று சீறியது கிட்டார். "இன்னும் அழுத்திப் பிடிக்கச் சொல்லு அவனை!"