முள் கடிவாளம்

அது மூன்றாவது கடிவாளமா, நான்காவதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொல்லன் சடையனின் பட்டறையில் நசீருதீன் விரித்துக் காட்டிய உள்ளங்கைகளில், வார் அறுத்த காயம் ஆறாமல் இருந்தது மட்டும் நிச்சயம்.

“போன வாரம்தானே பாய், நடுவுல மூட்டு வச்ச கடிவாளக் கம்பி வாங்கினு போனீங்க?”

“அதையும் இழுத்துக்கினு ஓடுது. நேத்து தேரடி வீதியில பூக்கடைக்குள்ள பூந்துடுச்சு. நில்லு நில்லுன்னு தொண்டை கிழியக் கத்தறேன், திரும்பிக்கூடப் பாக்கல. அவ்ளோ திமிரு.”

“நாலு வயசு குதிரை. முறுக்கு இருக்கத்தான் செய்யும்.”

சடையன் உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தான். வாய்க்குள் போகும் கம்பியில் வரிசையாகச் சின்னச் சின்ன முட்கள்.

“இது நிறுத்திடும். ஆனா வாய் தாங்காது பாய்.”

நசீருதீன் அந்த முட்களை விரலால் தடவிப் பார்த்தார். முப்பது வருடமாகக் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறார். ஒன்றின் வாயிலும் முள் வைத்ததில்லை. ஆனால் நாளைக்கு, குதிரைக்கு முன்பணம் கொடுத்திருக்கும் சைஃபுல்லாவின் நிக்காஹ். மேலே மாப்பிள்ளை, முன்னால் பேண்டு, பட்டாசு, சுற்றிலும் குழந்தைகள். நடுவழியில் பிய்த்துக்கொண்டு ஓடினால்?

இத்தனைக்கும் அவராகச் சோதித்து வாங்கிய குதிரை. தீபத் திருவிழாச் சந்தையில், ஊர்வலத்துக்குக் குதிரை வாங்குபவர்கள் எல்லோரும் செய்வதுபோல, பின்னால் சரவெடி கொளுத்திப் பார்த்தார். பக்கத்தில் நின்றவை முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு சிதறின. நீலக் கண்ணும் வெள்ளை உடம்புமாக இது மட்டும் புல்லை மென்றுகொண்டு நின்றது. ‘சிங்கம்’ என்று சொல்லி, விற்க வந்த முருகவேலின் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார்.

அந்தச் சிங்கத்துக்குத்தான் இப்போது முள்.

வீட்டில் மனைவி அஜ்மத் பேகம் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

“இதையா அது வாயில போடப் போறீங்க? உங்க வாயில வச்சுப் பாருங்க மொதல்ல.”

“மாப்பிள்ளை கீழ விழுந்தா யாரு பதில் சொல்றது? நீயா?”

“எங்கிட்ட அடக்கமாத்தான் இருக்குது. கழுத்துல கை வச்சா நின்னுடுது.”

“உன் கையில புல்லு இருக்குது. அதான்.”

மறுநாள் மாலை ஊர்வலம் குறையில்லாமல் நடந்தது. காலடியில் பட்டாசு வெடித்தும் குதிரை மிரளவில்லை. தெரு முனையில் அது வேகம் எடுத்தபோது நசீருதீன் வாரைச் சுண்டினார்; உடம்பு நடுங்க நின்றுவிட்டது. “என்னா குதிரை பாய்” என்றார்கள். கடைவாயில் நுரை சிவந்ததைப் பூமாலை மறைத்துக்கொண்டது.

சைஃபுல்லா ஷெர்வானி கசங்காமல் இறங்கினான். நசீருதீனுக்கு அங்கேயே இன்னும் நான்கு கல்யாணங்கள் வந்தன. முருகவேல் அடுத்த சந்தைக்கு வேறு குதிரைகளோடு போய்விட்டான். குதிரைக்கு நாக்கு கிழிந்து மூன்று நாள் புல்லை மெல்ல முடியவில்லை.

நான்காம் நாள் காலை, அதன் வாயைக் கழுவ உப்புத்தண்ணீர் கொண்டுபோன அஜ்மத் பேகத்தின் கையிலிருந்து அலுமினியக் குண்டான் நழுவி, குதிரையின் பின்னால் கல்தரையில் விழுந்தது. கோழிகள் பறந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தை வீறிட்டது.

குதிரை வைக்கோலை முகர்ந்துகொண்டிருந்தது.

அவள் அப்படியே நின்றாள். பிறகு குண்டானை எடுத்து, வேண்டுமென்றே இன்னொரு முறை தரையில் ஓங்கி அடித்தாள். வாசலுக்கு ஓடி வந்த நசீருதீனிடம், குதிரையின் அசையாத காதுகளைக் காட்டினாள்.

“ஏங்க, இதுக்குக் காது கேக்காதுங்க.”