பெரிய நஷ்டம் மட்டும்

இன்ஷூரன்ஸ் கம்பெனி மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நஷ்டங்களைக் கணித்துச் சொல்லும் பிரிவிலிருந்து வந்த பெண் எதிரே நின்றிருந்தாள்.

“யாரும்மா இது? நஷ்டத்தோட சராசரியைப் பாத்தா தங்கமான ஆளா இருக்காரே!”

“பேரை அப்புறம் சொல்றேன் சார். சராசரி நம்மள ஏமாத்தும். அதான் பத்து வருஷத்துல, வருஷத்துக்கு ஒண்ணா, பெரிய நஷ்டத்தை மட்டும் எடுத்துக் கோடு போட்டேன். ஆரம்பத்துல ஒரு குழாய்தான் உடைஞ்சுது. அப்புறம் கட்டடம் பூரா கரன்ட் போச்சு. போன வருஷம் பால்கனிக் கம்பி விழுந்து கீழ நின்ன கார் நசுங்கிடுச்சு.”

“அதுக்கு மேல என்ன ஆகிடப்போகுது?”

“நடந்ததுதான் உச்சம்னு நம்பினா நம்ம தொழிலே நடக்காது சார். கோடு மேலதான் போகுது. இந்த வருஷம் கீழ்வீட்டுக் கூரையே விழ அஞ்சுல ஒரு வாய்ப்பு இருக்கு.”

மேலாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “இவருக்கு பாலிசி குடுத்தா நாம தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான். கழட்டி விடும்மா!”

“கழட்டி விட முடியாது சார். அவர் என் வீட்டுக்காரர். இப்பவும் தானே ரிப்பேர் பண்றேன்னு டிரில்லிங் மெஷினும் கையுமா பாத்ரூமுக்குள்ள போயிருக்காராம். எனக்கு அரை நாள் லீவு வேணும்.”

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது. போன வாரம்தான் அவள் சிபாரிசில், அவள் வீட்டுக்கு நேர் கீழ்வீட்டில் மேலாளரே குடியேறியிருந்தார்.

“லீவு லெட்டரை நாளைக்குக் குடு!” கார் சாவியை எடுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடினார். “முதல்ல மெயின் சுவிட்சை அணைப்போம், வா!”