இடது இறக்கையின் போல்ட்

நாளைக்குக் கல்யாணம். மண்டபத்தில் தலை பின்னிக்கொண்டிருந்த தமயந்திக்கு, புனேவில் நின்ற விமானத்திலிருந்து ஒரு போல்ட் போன் செய்தது.

"மேடம், நான் இடது இறக்கை போல்ட். மின்னல் அடிச்சா என் வழியா கரண்ட் ஓடணும், ஓடுமான்னு சந்தேகமா இருக்கு. என்னை முடுக்கினது நீங்க. நீங்க சரின்னு சொன்னா கிளம்பிடுவோம்."

"உனக்கு இன்னைக்குத்தான் சந்தேகம் வரணுமா!" அந்த விமானத்தில்தான் மாப்பிள்ளை கிருபாகரன் உட்கார்ந்திருந்தான்.

"துளைக்குள்ள பச்சையா ஏதோ ஒட்டியிருக்கு மேடம்."

தமயந்தி சிவந்த உள்ளங்கையைப் பார்த்தாள். விமானப் பராமரிப்புக் கூடத்தில் கல்யாண லீவுக்கு முந்தைய கடைசி ஷிப்டில் தோழிகள் மருதாணி வைத்துவிட, அது காய்வதற்குள் அவசரமாக முடுக்கிய போல்ட் இது. லீவு அவசரத்தில் கரண்ட் ஓடுகிறதா என்று சோதித்தும் பார்க்கவில்லை.

உடனே கிருபாகரன் அழைத்தான். "உன் ஒரு வார்த்தைக்காக நிக்குதாம்! சரின்னு சொல்லித் தொலையேன்!"

"சொல்ல மாட்டேன். இறங்கி ரயிலைப் பிடிங்க."

"ரயில் வந்துசேர நாளைக்கு மத்தியானம் ஆயிடும்டி! முகூர்த்தம் காலைல ஆறு மணிக்கு!"

"தெரியும். தப்பு என்னோடது, இறங்குங்க."

போனை வைத்தவள் பாதிப் பின்னலோடு எழுந்து கத்தினாள்: "அப்பா! மண்டபம் நாளன்னிக்கும் கிடைக்குமான்னு கேளுங்க!"