ஆளைக் காட்ட வேண்டாம்

மாலைக் கல்லூரியின் முதலாண்டுக் கணித வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மாவுக்கு அன்றைய பாடம் எப்படியாவது புரிந்தாக வேண்டும்.

"இந்த அறையில நாம பதிமூணு பேர். மாசமோ பன்னிரண்டுதான். அப்போ ஒரே மாசத்துல பிறந்த ரெண்டு பேர் கண்டிப்பா இருக்காங்க" என்றார் பேராசிரியர். "யாருன்னு காட்ட வேண்டாம். இருக்காங்கன்னு நிரூபிச்சாச்சு."

"ஆளைக் காட்டாமலேவா சார்?"

"ஆமாம்மா. இதுக்குப் பேர்தான் இருப்புத் தேற்றம்."

"அக்கா, இனி தைக்காமலே சட்டை இருக்குன்னு சொல்லிடுவீங்களே!" என்றாள் பக்கத்திலிருந்தவள். வகுப்பே சிரித்தது.

தையல்காரம்மா எழுந்துபோய்ப் பேராசிரியரிடம் நோட்டை நீட்டினாள்.

"இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க சார். ஏழு வருஷத்துக்கு முன்னாடி காணாமப் போன என் பொண்ணைக் காட்ட முடியலைன்னா, அவ இறந்துட்டதா நாளைக்குக் கோர்ட்டுல எழுதிடுவாங்களாம்."