துடைக்கக் கூடாது

அமெரிக்காவின் சவானா நகரத்துக் கடையொன்றில், வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்து சாப்பிடலாம் என்றிருக்கும் நீண்ட மேசையின் முன்னால், எர்லீனும் கார்னெலும் அடுத்தடுத்த சுழல் நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். பரிமாறுகிறவள் அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆற்றில் ஒரு கப்பல் ஊதுகிறது. எதிர்ச்சுவரின் கண்ணாடியில், தன் முதுகுக்குப் பின்னால் சேரும் வெள்ளை முகங்களை எர்லீன் பார்க்கிறாள். "ஏய் கறுப்பி, காபியா கேட்ட? இந்தா, குடி!" தக்காளி சாஸ் புட்டியை ஒருவன் அவள் தலையில் கவிழ்க்கிறான். அது காதோரம் வழிந்து, சர்ச்சுக்கென்றே வைத்திருக்கும் வெள்ளை உடுப்பின் கழுத்துக்குள் இறங்குகிறது. திரும்பக் கூடாது, துடைக்கக் கூடாது, எழுந்திருக்கவே கூடாது. இந்தப் போராட்டத்துக்காகச் சர்ச்சின் கீழறையில் சாயங்காலந்தோறும் இதைத்தான் பழகினார்கள். அங்கே வெள்ளைக்காரனாக நடித்தவன் கார்னெல். ஊற்றும்போதெல்லாம் "மன்னிச்சுக்க எர்லீன்" என்பான். "அவன் மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டான்டா, மடையா!" என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இப்போதும் அவள் காது, அவளையறியாமல், அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறது. பின்னால் நிற்பவன் புட்டியின் அடியைத் தட்டித் தட்டி மிச்சத்தையும் கொட்டுகிறான். கார்னெலின் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பற்றுகின்றன. கண்ணாடியில் அவன் முகம் அசையவில்லை. உதடு மட்டும் அசைகிறது.

"மன்னிச்சுக்க எர்லீன்."

இவ்வளவு நேரம் வராத கண்ணீர் அப்போதுதான் வருகிறது. அதையும் துடைக்கக் கூடாது.