மிச்சிகோ அம்மாவின் கிண்ணம்

"ஏனுங்க்கா, இந்தக் கிண்ணம் ஞாபகம் இருக்குதுங்களா?"

சாந்தாமணி பையிலிருந்து எடுத்து நீட்டியதைப் பார்த்ததும் தெய்வாத்தாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூடி போட்ட கறுப்பு மரக்கிண்ணம். மூடியில் ஒற்றைக் கொக்கு.

"அட, இது மிச்சிகோ அம்மாவோடதல்ல! உனக்கு எப்படிக் கண்ணு கெடச்சுது?"

"ஜப்பான்ல நாங்களும் அவங்க விடுதியிலதானுங்க தங்குனோம். அன்னூர்னு நான் சொன்னதுதான் தாமசம், அந்தம்மா உள்ள ஓடிப்போயி இதை எடுத்துட்டு வந்தாங்க. உங்க ரெண்டு பேரு போட்டோவையும் காட்டி, குடுத்துருன்னு கையாலயே சொன்னாங்க."

கோவை மூத்தோர் தடகள அணியில் சாந்தாமணி இந்த வருடம்தான் சேர்ந்திருந்தாள். ஜப்பான் போட்டி முடிந்து திரும்பியவள், இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு பீளமேட்டில் பஸ் ஏறி அன்னூருக்கு வந்துவிட்டாள். அதே அணியில், முந்தைய முறை நடைப் போட்டியில் மூன்றாவதாக வந்து வெண்கலம் வாங்கியவர் தெய்வாத்தாளின் கணவர் சுப்பண்ணன். நாற்காலியில் சாய்ந்து காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, உங்க மெடலக் கொஞ்சம் காட்டுங்க. மெடல் வாங்குனாருன்னு எல்லாருஞ் சொல்றாங்க, பாத்தவங்கதான் ஒருத்தரும் இல்லீங்க."

விளையாட்டாகத்தான் கேட்டாள். தெய்வாத்தாளின் முகம் சுருங்கிவிட்டது.

"அதை நான் தொலைச்சுப்போட்டேன் கண்ணு. பையக் கட்டுனவ நாந்தான். ஏர்போர்ட்டுல வந்து தொறந்து பாத்தாக் காணம். ஒவ்வொரு சேலையா ஒதறிப் பாத்துட்டேன். அன்னைக்கு உட்டதுதான் காப்பி. மெடலு கண்ணுல படற வரைக்கும் தொடறதில்லைன்னு மருதமலை முருகனுக்கு வேண்டிக்கிட்டேன்."

காப்பி இல்லாமல் வாசல்கூடத் தெளிக்கமாட்டாள் என்று பெயரெடுத்தவள் அவள். இரண்டு வருடமாக வெந்நீரைக் குடித்துக்கொண்டு, காப்பி வாசம் வரும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

"இவரு ஒரு சொல்லுக் கடிஞ்சு பேசலையே! இப்படி ஒரு மனுசன் ஆருக்குக் கெடைப்பாரு?"

"போனாப் போகுது, நீ காப்பியக் குடி அம்மிணின்னு தெனமும் சொல்றேன். கேட்டாத்தான?" என்றார் சுப்பண்ணன், டம்ளரைப் பார்த்தபடி.

தெய்வாத்தாள் மூடியைத் திறந்தாள். உள்ளே வண்ணத்தாளில் சுற்றிய இனிப்புகள் நிறைந்திருந்தன.

"பாத்தயா, வெறுங்கிண்ணத்த அனுப்பல! நம்மூரு வழக்கந்தான் அங்கயும்." முகம் மறுபடி மலர்ந்தது. "போன ரெண்டாம் நாளே எனக்குக் காய்ச்சல் கண்ணு. அந்தக் குளுருக்குக் கண்ணே தெறக்க முடியல. நான் போட்டிக்கே போகலைன்னு இவரு கட்டல்ல உக்காந்துட்டாரு. அந்தம்மா இவரு முதுகப் புடிச்சு வெளிய தள்ளிக் கதவச் சாத்திப்போட்டாங்க. நெத்தியில ஈரத்துணியப் போட்டு, இந்தக் கிண்ணத்துலதான் எனக்குக் கஞ்சி ஊட்டுனாங்க."

"பேச்செல்லாம் எப்படிங்க்கா?"

"அவங்க அவங்க பாசை, நான் நம்ம பாசை. அவங்க பையன் போனே பண்றதில்லைங்கற வரைக்கும் எனக்குப் புரிஞ்சுதுன்னாப் பாத்துக்கயேன்! இவரு மெடலோட வந்து நின்னப்ப, எனக்கு முன்னால அவங்கதான் அழுதாங்க."

தெய்வாத்தாள் கிண்ணத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த ஊர், அந்த ஈரத்துணி, அந்தக் கஞ்சியின் சூடு எல்லாம் விரல் நுனியில் வந்து நின்றன. இன்னொரு தரம் பார்க்கக் கொடுத்துவைக்குமா என்று ஏங்கினாள்.

"கெளம்பற அன்னைக்கும் இதுல கஞ்சி குடுத்தாங்க. வெறுங்கிண்ணத்த எப்படித் திருப்பறது? கொண்டு போன கச்சாயம், எள்ளுருண்டை எல்லாம் தீந்துபோச்சு. எதையாச்சும் போட்டுக் குடுங்கன்னு இவருகிட்டச் சொல்லிப்போட்டு பஸ்ல ஏறிட்டேன். நம்மாளு ரெண்டு பிஸ்கோத்தப் போட்டுக் குடுத்திருப்பாரு" என்று சிரித்தாள்.

"பஸ்காரன் ஆரன் அடிச்சுட்டே இருந்தான்" என்று முணுமுணுத்தார் சுப்பண்ணன். ஆறிப்போன காப்பியை மறுபடியும் ஆற்றினார்.

"அவங்க போட்டோ காட்டறேங்க்கா." சாந்தாமணி செல்போனை நீட்டினாள். விடுதி வாசலில் மிச்சிகோ அம்மா குனிந்து கும்பிட்டபடி நின்றார்.

"எளைச்சுப்போயிட்டாங்களே!" முகத்தை நன்றாகப் பார்க்க, தெய்வாத்தாள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். விரல்கள் அப்படியே நின்றன.

மிச்சிகோ அம்மாவின் தலைக்குப் பின்னால், சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம். அதற்குள் நீல நாடாவோடு தொங்கிக்கொண்டிருந்தது வெண்கலப் பதக்கம்.

"ஏனுங்க..."

சுப்பண்ணன் நிமிரவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா நீ பஸ்ஸத் திருப்பியிருப்ப. அப்பறம் நீ காப்பியவே உட்டுப்போட்ட, சொல்ல வாய் வரல. வெறுங்கிண்ணத்தக் குடுக்கக் கூடாதுன்னு நீதான அம்மிணி சொன்ன? உன்னையப் பொழைக்க வெச்ச கிண்ணம். அதுல பிஸ்கோத்தப் போட எனக்கு மனசு வரல."

தெய்வாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி, மிச்சமிருந்த காப்பியை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.