ஜன்னலில் ஏறும் எல்லை

மே மாதத்து இளவெயில் ஹெஸ்டரின் சமையலறை ஜன்னலில் படிந்திருக்கிறது. வெளியே நாங்கள் பதினான்கு பேர், கையில் வில்லோ மரக் குச்சியும் காலணியில் அப்பிய சேறுமாக நிற்கிறோம். வருஷத்துக்கு ஒருநாள் ஊர் எல்லையைச் சுற்றி நடந்து, ஒவ்வோர் எல்லைக்கல்லையும் குச்சியால் அடித்துவிட்டு வருவது எங்கள் ஊர் வழக்கம். இரண்டு கற்களுக்கு நடுவே யாரோ எந்தக் காலத்திலோ இந்த வீட்டைக் கட்டிவிட்டார்கள். அதனால் இந்த ஜன்னலில் ஏறிக் குதித்து, பின்வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். ஹெஸ்டரின் கணவர் வில்ஃப் வருஷம் தவறாமல் ஜன்னலைத் தாழ்போட்டுக்கொண்டு சண்டைக்கு நிற்பார். பிறகு திறந்துவிட்டு எல்லாருக்கும் தேநீர் கொடுப்பார். போன மார்ச்சில்தான் அவரை அடக்கம் செய்தோம். இன்றும் ஜன்னல் சாத்தியிருக்கிறது. வேலியோரப் பூக்களில் தேனீக்களின் ரீங்காரம். எங்களை நடத்திவரும் காட்ஃப்ரி தொப்பியைக் கழற்றுகிறார். "பாவம், தொந்தரவு பண்ண வேணாம். இந்தத் தடவை சுத்திப் போயிடலாம்" என்கிறார் தணிந்த குரலில். உள்ளே நாற்காலி நகரும் சத்தம். கண்ணாடிக்குப் பின்னால் ஹெஸ்டரின் முகம் தெரிகிறது. "யாருய்யா அது? என் அடுப்படி என்ன, உங்கப்பன் போட்ட ரோடா?" வில்ஃப் கேட்கும் அதே கேள்வி. இருபது வருஷமாகக் காட்ஃப்ரி முழங்கிவந்த பதில் இன்று முணுமுணுப்பாகத்தான் வருகிறது: "உங்க வீட்டுக்கு முன்னாடியே பொறந்த வழிம்மா இது."

"சத்தமாச் சொல்லுங்க" என்கிறார் ஹெஸ்டர், தாழ்ப்பாளில் கை வைத்தபடி. "கல்லறைத் தோட்டம் வரைக்கும் கேக்க வேணாமா?"